சாப்பாட்டு நேரச் சோதனை

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த மேடையில் ஏறினாலும் இதை முதலில் சொல்லிவிடுவேன். பின்னால் சொல்லப்போகிற விஷயங்கள் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். பெரிய காலேஜில் படித்துவிட்டு வந்த எஞ்சினியர்கள் எழுதிய புரோகிராமை மேஜையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டவன் இந்தச் சுடலைமுத்து. இருபத்தெட்டு வருஷம். தாராவியில் துணி துவைக்கும் பட்டறையில் மூட்டை தூக்கியவன், செம்பூரில் ஒரு கம்பெனியின் சோதனைப் பிரிவுக்கே தலைவனாக ஓய்வு பெற்றேன். இதைத்தான் நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நாலு பிள்ளைகள் படித்து முன்னேற ஊக்கமாக இருக்குமாம்.

ஊக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் போன மாதம் பழைய கம்பெனியில் ஒரு விருந்துக்குப் போயிருந்தேன். அங்கே இப்போது வேலையில் இருக்கும் பையன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "சார், நீங்க கையால பண்ணினதை இப்ப கம்ப்யூட்டரே பண்ணிடுது. ஆயிரக்கணக்குல தப்பை அதுவே நட்டு, எந்தச் சோதனை பிடிக்குதுன்னு பார்த்து, வேண்டாத சோதனையை அதுவே தூக்கிடும்" என்றான் ஒருவன். தூக்குவதற்கு முன்னால் அது யாரையாவது கேட்குமா என்றேன். நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததிலிருந்து ஊக்கமான பகுதி எதுவும் பேனாவில் இறங்கவில்லை.

பட்டறைக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இறங்கிய எனக்கு வேலை கொடுத்தவர் பீர் முகம்மதுவின் வாப்பா. ரெடிமேட் சட்டைகளைச் சாயம் போக அலசித் துவைத்துக் கொடுக்கும் பட்டறை. பீருக்கும் எனக்கும் ஒரே வயது. ஏழு வருஷம் இரண்டு பேரும் ஒரே தட்டில் தின்றோம். வெள்ளிக்கிழமை மதியம் பட்டறையில் எல்லோரும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். துவைக்க வெந்நீர் காயும் பாய்லரின் தீயைக் கையால் அடக்கிவிட்டு, "ஏல சொடலை, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பள்ளிவாசலுக்கு நடந்து போய், தொழுது, தெரிந்தவர்களிடம் நாலு வார்த்தை பேசித் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அடங்கிக் கிடக்கும் பாய்லரின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். ஏழு வருஷத்தின் எல்லா வெள்ளிக்கிழமைகளும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் செம்பூர்க் கம்பெனியில் பெட்டி கட்டும் ஆளாகச் சேர்ந்தேன். அங்கே செய்தது பாய்லருக்கான மூளைப் பெட்டி. முன்பு ஆள் கையால் செய்ததையெல்லாம் ஒரு சிப்புக்குள் இருக்கும் புரோகிராம் செய்யும். பொத்தானை அமுக்கினால் முதலில் விசிறி ஓடும். அடுப்புக்குள் தேங்கிய எண்ணெய்ப் புகையை அது வெளியே தள்ளிய பிறகுதான் பொறி விழ வேண்டும். பொறி விழுந்து தீ பிடித்தால் எரிப்பு. கொஞ்ச நேரம் தீ வேண்டாமென்றால் 'காத்திரு' என்று ஒரு பொத்தான். காத்திருப்பிலிருந்து எழுப்பினாலும் மறுபடி காற்று, அதற்குப் பிறகே பொறி. காற்று அடிக்காமல் பொறி விழுந்தால் அடுப்பு குண்டாகிவிடும். இதையெல்லாம் விதிப்புத்தகம் என்று ஒன்றில் வரிவரியாக எழுதி வைத்திருந்தார்கள். மாடியில் எஞ்சினியர்கள் புரோகிராம் எழுதுவார்கள். கீழே எங்கள் பிரிவு, அந்தப் புரோகிராம் புத்தகத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறதா என்று பார்க்கும். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது. வெளியிலிருந்து பொத்தானை அமுக்கி, எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டி கட்ட வந்தவன் எப்படிச் சோதனை மேஜைக்குப் போனேன்? கட்டுவதற்கு முன்னால் எனக்கே ஒரு ஆசையில் பொத்தான்களை அமுக்கிப் பார்ப்பேன். அப்படி மூன்று தப்புகளைக் கண்டுபிடித்தேன். எஞ்சினியர்கள் விட்ட தப்பு! பிரிவுத் தலைவர் சேஷாத்ரி சார் என்னைக் கூப்பிட்டார்.

மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம் அவருடையது. ஒரு நாளும் குரலை உயர்த்தமாட்டார். ப்யூனிலிருந்து எல்லோரையும் 'நீர்' என்றுதான் பேசுவார். எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பென்சிலைச் சீவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்பார்: "வேற யாரு?" அதன் அர்த்தம் எனக்குப் புரிய ஆறு மாதம் ஆனது.

அவர் முறை இப்படி. ஒழுங்கான புரோகிராம் ஒன்றை எடுத்து, அதில் ஒரே ஒரு இடத்தைக் கெடுத்து ஒரு சிப்பில் ஏற்றுவார். இன்னொரு இடத்தைக் கெடுத்து இன்னொரு சிப். விளக்கு மாறி எரிவது ஒரு வகைக் கேடு. ஒரு கட்டத்திலிருந்து தப்பான கட்டத்துக்குத் தாவுவது ஒரு வகை. போக வேண்டிய நேரத்தில் போகாமல் நின்றுவிடுவது ஒரு வகை. இந்த மூன்று வகையிலும் எழுபத்திரண்டு சிப்புகள். நல்ல சிப்போடு கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நகப்பூச்சு. மாடியில் இவற்றை மியூட்டன்ட் என்றார்கள். நான் கள்ளன் என்றேன். கடைசியில் சார் வாயிலும் கள்ளன்தான் நின்றது.

"நம்ம சோதனை நன்னா இருக்கான்னு எப்படித் தெரியும்? நாமே கள்ளனை உள்ள விட்டுப் பார்க்கணும். பிடிக்கலேன்னா காவல் தூங்கறதுன்னு அர்த்தம்" என்பார் சார். பிறகு பென்சிலைப் பார்த்துக்கொண்டே, "ஆனா இந்த எழுபத்திரண்டு பேரும் நம்ம மனசுல உதிச்ச கள்ளன்தான். நமக்குத் தோணாத கள்ளனும் ஊர்ல இருப்பான். அதான் கேக்கறேன், வேற யாரு?"

அப்போது சோதனைகள் இருநூற்றுப் பன்னிரண்டு இருந்தன. வருஷக்கணக்கில் ஆளாளுக்குச் சேர்த்தவை. ஒரு புதிய புரோகிராம் வந்தால் எல்லாவற்றையும் ஓட்டி முடிக்க மூன்று நாள். மேலிடம் ஒரே ஷிப்டில் முடியுங்கள் என்றது. சார் இரண்டு வாரம் யோசித்தார். நான் ஒரு வாரத்தில் முடித்தேன்.

எப்படி? பெரிய வரைபடத் தாளில் குறுக்கே எழுபத்திரண்டு கள்ளர், நெடுக்கே இருநூற்றுப் பன்னிரண்டு சோதனை. எந்தச் சோதனை எந்தக் கள்ளனைப் பிடிக்கிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு சட்டைப் பொத்தான். பொத்தான் எங்கிருந்து? துவைக்கும்போது சட்டையிலிருந்து தெறிக்கும் பொத்தான்கள் பீரின் பட்டறையில் டப்பா டப்பாவாகக் கிடக்கும். கேட்டதும் ஒரு டப்பாவை என் மடியில் கவிழ்த்தான். "கம்ப்யூட்டர் வேலைக்கு எங்க பட்டறைப் பொத்தானால? ஏக்தம் பெரிய ஆளாயிட்ட மாப்ள!" என்று இந்தியும் கலந்து சொல்லி என் முதுகில் அடித்தான்.

ஒரு கள்ளனுக்கு நேரே பொத்தானே இல்லையென்றால் புதுச் சோதனை எழுத வேண்டும். ஒரு சோதனை பிடிக்கும் கள்ளர் அத்தனை பேரையும் மற்ற சோதனைகளே பிடித்துவிட்டால், அந்த வரிசையை அடித்துவிடலாம். அடித்துக்கொண்டே போனேன். இருநூற்றுப் பன்னிரண்டு முப்பதாகச் சுருங்கியது. எழுபத்திரண்டு கள்ளரில் ஒருத்தன்கூடத் தப்பவில்லை. படித்தவன் எவனும் என்னை விடக் குறைத்திருக்க முடியாது, இன்றைக்கும் சவால் விடுவேன்.

முப்பதில் ஒன்று மட்டும் உறுத்தியது. பத்மா மேடம் எழுதிய சோதனை. அவரும் மாட்டுங்காதான், எங்கள் பிரிவில் எனக்கு மூத்தவர். பெட்டியைக் 'காத்திரு'வில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். முக்கால் மணி கழித்துக் கை கழுவிவிட்டு வந்து எழுப்பிப் பார்ப்பார். காற்று விளக்கு எரிகிறதா, சரி. அதையே எழுதி வைத்து, சோதனைகளில் ஒன்றாக ஆக்கியிருந்தார். நாங்கள் சாப்பாட்டுச் சோதனை என்று கேலி செய்வோம். அது பிடித்த ஒரே ஒரு கள்ளனை வேறொரு சோதனை பத்து விநாடியில் பிடித்தது. இதை எடுத்துவிட்டால் இருபத்தொன்பது. வேலையும் ஒரே ஷிப்டுக்குள் அடங்கும்.

"அதை மட்டும் அடிக்காதீங்கோ சுடலைமுத்து" என்றார் பத்மா மேடம். "ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. ஆத்துல குக்கரை மறந்துட்டு வந்தாப்பல இருக்கும்."

"தெரியாததுக்கெல்லாம் ஒரு வரிசை வச்சா தாள் பத்தாது மேடம்" என்றேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டார்.

தாளைச் சாரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு அடித்தலாகப் பார்த்தார். அதற்கே அரை நாள் எடுத்தார். சாப்பாட்டுச் சோதனைக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"நாங்கள்லாம் ஆபீஸ் மனுஷா. பாய்லர் பக்கத்துல உக்காந்தவர் இங்க நீர் ஒருத்தர்தான். நீர் சொல்லும். காத்திருப்புல போட்டுட்டு எவனாவது முக்கால் மணி, ஒரு மணின்னு விட்டு வைப்பானா?"

அந்த அறையில் மூன்று எஞ்சினியர்கள் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எவன் சார் வைப்பான்? அஞ்சு நிமிஷம், மிஞ்சினா பத்து நிமிஷம்" என்றேன்.

"வேற யாரு?"

"வேற யாரும் இல்ல சார்."

கையெழுத்துப் போட்டார். அந்த மாதமே எனக்குத் தனி மேஜையும் நாற்காலியும் வந்தன.

அடுத்த வருஷம் பீரின் வாப்பா காலமானார். பட்டறை பீரின் கைக்கு வந்தது. புதுப் பெட்டி மாட்டச் சொல்லி அவனைத் துளைத்தெடுத்தவன் நான்தான். அவனுக்கு இஷ்டமில்லை. "தீயை நம்பலாம்ல, விளக்கை நம்பச் சொல்லுதியே" என்றான். நான் விடவில்லை. "நான் சோதிச்ச பெட்டி மாப்ள. கள்ளன் ஒருத்தன் தப்ப முடியாது" என்றேன். என் பேச்சைக் கேட்டான். ஒரு செவ்வாய்க்கிழமை மாட்டினார்கள். புதனும் வியாழனும் ஒழுங்காக ஓடியது. மற்ற நாட்களில் பட்டறையில் முறை வைத்துச் சாப்பிடுவார்கள், அதனால் தீ நிற்காது.

வெள்ளிக்கிழமை வந்தது. காவலுக்கு யாரை விடுவது என்று ஒரு ஆள் கேட்டிருக்கிறான். "சொடலை பெட்டி இருக்குல்லா, இனி காவலுக்கு ஆள் எதுக்கு? எல்லாரும் வாங்க" என்று பீர் சொல்லியிருக்கிறான். 'காத்திரு' பொத்தானை அமுக்கிவிட்டு எல்லோரும் தொழப் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து வந்தார்கள். பீர் எழுப்பும் பொத்தானை அமுக்கிவிட்டு, தீ பிடிக்கிறதா என்று பார்க்க அடுப்பின் சிறு துளையில் குனிந்து கண்ணை வைத்தான். பாய்லர் பார்க்கிற எவனும் அப்படித்தான் பார்ப்பான், நானும் பார்த்திருக்கிறேன். விசிறி ஓடவில்லை. நேராகப் பொறி விழுந்தது. துளை வழியாக வெளியே பாய்ந்த தீ அவன் முகத்தில் அடித்தது.

உயிர் பிழைத்தான். இரண்டு கண்ணும் போயின.

திங்கட்கிழமை அந்தப் பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து சார் மேஜையில் வைத்தார்கள். காலையில் நான் இருபத்தொன்பது சோதனையையும் ஓட்டினேன். இருபத்தொன்பதும் சரி. மறுபடியும் ஓட்டினேன். சரி. உடைந்த பெட்டியாக இருந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன். அது புதுப் பெட்டி போலவே நடந்தது.

சார் என்னை நிறுத்தச் சொன்னார். பெட்டியை எரிப்புக்குக் கொண்டுவந்து, அவர் கையாலேயே 'காத்திரு'வை அமுக்கினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"பத்மா, நீங்க சாப்பிடப் போங்கோ" என்றார்.

"எனக்குப் பசிக்கலை சார்."

"பரவாயில்லை. எப்பவும் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் போயிட்டு வாங்கோ."

அவர் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். சாரும் நானும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். காத்திருப்பின் மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. முக்கால் மணி கழித்துப் பத்மா மேடம் திரும்பி வந்தார். டப்பா திறக்கப்படவேயில்லை என்பது அதைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது. "நீங்களே அமுக்குங்கோ" என்றார் சார்.

அமுக்கினார். காற்று விளக்கு எரியவில்லை. பொறி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பிறகு மாடிக்காரர்கள் உள்ளே திறந்து பார்த்துக் காரணம் சொன்னார்கள். அந்த வருஷம் புதிதாக எழுதிய புரோகிராம் காத்திருக்கும் நேரத்தை உள்ளுக்குள் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது. அரை மணி தாண்டியதும் எண்ணும் இடம் நிறைந்து சுழியத்துக்குத் திரும்பியிருக்கிறது. அந்தத் திரும்பலில் 'காற்று அடித்தாயிற்று' என்ற குறியும் தானாக எழுந்துவிட்டது. விளக்கு மாறும் கள்ளனும் இல்லை, தாவும் கள்ளனும் இல்லை, நிற்கும் கள்ளனும் இல்லை. நேரம் போகப் போகக் கள்ளனாகிறவன். எழுபத்திரண்டு பேரில் அவனுக்கு இடம் இல்லை.

விசாரணையில் முறையில் தவறில்லை என்று எழுதினார்கள். உண்மைதான். பட்டியலில் இருந்த ஒவ்வொரு கள்ளனையும் முறை பிடித்தது. சோதனையை அடிக்க ஒப்புக்கொண்டது யார் என்று கேட்டார்கள். "கையெழுத்து என்னோடது" என்றார் சேஷாத்ரி சார். என் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லுவாரோ என்று மூன்று நாள் காத்திருந்தேன், சொல்லவில்லை. ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, போகிற அன்று என் மேஜைக்கு வந்தார். பென்சிலை அங்கே வைத்தார்.

"உமக்கு ஞாபகம் வரலையா ஓய்?" என்று மட்டும் கேட்டார்.

"வரல சார்" என்றேன்.

அவர் நாற்காலி இரண்டு வருஷத்தில் எனக்கு வந்தது. சாப்பாட்டுச் சோதனையைத் திரும்பச் சேர்த்தேன். நேரத்துக் கள்ளர் என்று பதினெட்டு சிப் புதிதாகச் செய்தேன். அதற்காகக் கம்பெனி என்னைப் பாராட்டி மேடையேற்றியது. பத்மா மேடம் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. அதன் பிறகு என்னிடம் வேலை தவிர ஒரு சொல் பேசியதில்லை.

பீர் பட்டறையை அண்ணன் மகனுக்கு விட்டுவிட்டுக் கோவண்டிக்குப் போய்விட்டான். பெருநாள் தவறாமல் நான் போவேன். என் குரல் கேட்டதும், "வா மாப்ள, பெரிய ஆபீசரு வந்துருக்காரு, சேர் போடுங்க" என்று வீட்டையே அதிர வைப்பான். ஒரு தடவை அவன் மருமகன் அந்தப் பெட்டியைப் பற்றி ஏதோ திட்டினான். பீர் அவன் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"பெட்டியச் சொல்லாத. அது சொடலை பாத்த பெட்டி. நான்தான் எதையோ மாத்தி அமுக்கிட்டேன். புதுசுல்லா, பழகல."

முப்பது வருஷத்துக்கு மேல் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். அப்படிச் சொல்லாதே, நீ சரியாகத்தான் அமுக்கினாய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிரியாணித் தட்டை என் கையில் தடவித் தடவிக் கொடுப்பான். வாங்கித் தின்றுவிட்டு வருவேன்.

சேஷாத்ரி சார் இப்போது இல்லை. அவர் கேட்டதற்கு இங்கே பதில் எழுதிவிடுகிறேன். ஞாபகம் வந்தது சார். நீங்கள் கேட்ட அந்த நொடியில் வந்தது. வெள்ளிக்கிழமை மதியம், அடங்கிக் கிடக்கும் பாய்லர், பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் நான். அந்த அறையில் மூன்று எஞ்சினியர்கள் இருந்தார்கள். அடுப்புக்குக் காவல் கிடந்தவன் என்று அவர்கள் முன்னால் காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. முப்பதை விட இருபத்தொன்பது நன்றாகவும் இருந்தது.

இந்தக் கட்டுரையைக் கேட்டு நேற்று மலர்க் குழுவினர் வந்தபோது ஒன்று கேட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வரவில்லை, பக்கத்திலேயே இந்தியிலும் அச்சடிக்கட்டுமா என்றார்கள். பீர் வீட்டிலும் பிள்ளைகளுக்கு இந்திதான் படிக்க வரும், அவனுக்குப் படித்துக் காட்டுவது அவர்கள்தான். வேண்டாம் என்றேன். மொழி மாற்றினால் என் எழுத்தின் அழகு கெட்டுவிடும் என்று காரணம் சொன்னேன். நம்பிவிட்டார்கள்.